ஒற்றைச் சம்பளத்தில் கடன்: யாருக்கு முதலில் கட்டுவது?

வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்த காலத்தில் வாங்கிய கடன், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போதும் அதே தேதியில் அதே தொகையைக் கேட்கும். கணவர் இறந்திருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அடி தாங்காமல் நீங்களே பிள்ளைகளோடு வெளியே வந்திருக்கலாம். எதுவானாலும் முதல் சில மாதங்களில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். யார் வாசலில் நின்று சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்துவிடுவார்கள். குழு லோன் மீட்டிங்கில் பத்துப் பெண்களுக்கு முன்னால் தலைகுனிய முடியாது, அதனால் சம்பளம் அங்கே போய்விடும். நகையை வைத்த இடத்தில் யாரும் சத்தம் போடுவதில்லை. தபாலில் நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம். ஐந்து வட்டிக்குக் கொடுத்தவரோ "அசலை மெதுவா குடும்மா, வட்டி மட்டும் தவறாம வந்தாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். மாதாமாதம் வட்டி வந்துகொண்டிருந்தால் அவர் ஏன் சிரிக்க மாட்டார்?

தமிழ்நாட்டில் குறைந்த வருமானத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியாக வளர்க்கும் அப்பாக்களுக்கும் கடன் பகுதி பொருந்தும். அரசு உதவிகளில் பல பெண்களுக்கு மட்டுமானவை என்பதால் அந்தப் பகுதி அவர்களுக்குக் கொஞ்சம்தான் பயன்படும்.

நோட்டைத் திறங்கள்

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து, எல்லாக் கடனையும் எழுதுங்கள். மனதில் இருக்கும் கணக்கு எப்போதும் தப்பாகவே இருக்கும். சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குக் குறைவாக. ஒவ்வொரு கடனுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்: யாரிடம், கையில் வாங்கியது எவ்வளவு, இன்னும் பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு, யார் பெயரில், எதை ஈடாகக் கொடுத்தோம். கடைசிக் கேள்வி முக்கியம். நகை, வெற்று செக், கையெழுத்துப் போட்ட புரோ நோட், ஏ.டி.எம். கார்டு, ரேஷன் கார்டு என்று எது எங்கே கிடக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

மளிகைக்கடை பாக்கி, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிய ஐந்நூறு, பள்ளிக் கட்டணப் பாக்கி எல்லாமே நோட்டில் வர வேண்டும். மொய் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் மொய்யும் கடன்தான் என்று உங்களுக்கே தெரியும். திருப்பிச் செய்ய வேண்டிய விசேஷம் எந்த மாதத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணவர் உங்கள் பெயரில் என்னென்ன வாங்கினார் என்பதே தெரியாது என்றால் கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். இதைத் தனியாருக்குக் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, வட்டியை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் 'மூணு வட்டி' என்பார், இன்னொருவர் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பார், மூன்றாமவர் வட்டியே இல்லை, நாளுக்கு நூறு ரூபாய் என்பார். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம், பத்து வட்டி 120. தண்டல்தான் ஏமாற்றும். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு, கையில் 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-உம் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகையைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். ஆண்டுக் கணக்கில் போட்டால் வட்டி 120 சதவீதத்தைத் தொடும். பத்து வட்டி என்றால் பயப்படுகிறவர்கள் தண்டலைச் சாதாரணமாக வாங்குவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எல்லாக் கடனும் உங்கள் கடன் இல்லை

கணவர் இறந்துவிட்டார் என்றால், அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. அவர் எதையும் விட்டுப்போகவில்லை என்றால் உங்கள் கூலியிலிருந்து கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் கடன். பிரிந்து போன கணவரின் கடனுக்கும் இதே கணக்கு: நீங்கள் கையெழுத்துப் போடாததற்கு நீங்கள் பொறுப்பில்லை.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காரியம் முடிந்த கையோடு யாராவது இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஒரு கணக்குக்காகத்தாம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்பார்கள். போடாதீர்கள். போட்ட நிமிடத்தில் அது உங்கள் பெயரில் புதுக் கடன் ஆகிவிடும். "எங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அண்ணன் இல்லாவிட்டாலும் சொல்லலாம்.

கட்ட வேண்டியதைத் தேடும்போதே வர வேண்டியதையும் தேடுங்கள். குழு லோன் தரும்போது பெரும்பாலும் இன்சூரன்ஸுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்திருப்பார்கள். பல நிறுவனங்களில் அதில் கணவரின் உயிருக்கும் காப்பீடு உண்டு. கடன் அட்டையில் பாருங்கள். இருந்தால், இறப்புச் சான்றிதழ் கொடுத்ததும் மீதிக் கடன் அடைந்துவிடும். நீங்கள் கேட்காவிட்டால் டியூ வசூலிக்க வரும் பையன் தானாகச் சொல்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். கணவரின் வங்கிப் பாஸ்புக்கை அச்சடித்து, ஆண்டுக்கு 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று தேடுங்கள். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டாவது சுரக்‌ஷா பீமா, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இப்படி ஒரு காப்பீடு இருந்ததே தெரியாத குடும்பங்கள் ஏராளம். அவர் வேலை செய்த இடத்தில் பி.எஃப். பிடித்தார்கள் என்றால் சேர்ந்திருக்கும் பணத்தோடு உங்களுக்கு விதவை ஓய்வூதியமும், இரண்டு பிள்ளைகளுக்கு ஓய்வூதியமும், ஊழியர் காப்பீட்டுத் தொகையும் கேட்கலாம். கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை மாதிரி ஏதாவது வைத்திருந்தாரா என்றும் அலமாரியைத் துழாவுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் கையோடு வாங்கி, பத்து நகல் எடுத்து வைத்தால் அலைச்சல் பாதியாகும்.

அரிசிக்குப் பிறகுதான் டியூ

வாடகை, சாப்பாடு, கேஸ், கரண்ட், மருந்து, பள்ளிச் செலவு, வேலைக்குப் போய்வரும் செலவு. சம்பளம் வந்ததும் இவற்றை முதலில் எடுத்து வையுங்கள். மிச்சம் இருப்பதுதான் கடனுக்கு. இது சுயநலம் மாதிரித் தோன்றும். அப்படி இல்லை. வாடகைக்கு வைத்த பணத்தை டியூவுக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் வாடகைக்குக் கடன் வாங்கத்தான் போகிறீர்கள், அதுவும் கூடுதல் வட்டிக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 2,250, மாதத்துக்குச் சுமார் 9,750. லைன் வீட்டு வாடகை 2,500. ரேஷன் அரிசி இருப்பதால் மளிகை, பால், காய்கறி 2,800. கேஸ் மாதக் கணக்கில் 450, கரண்ட் 200, பள்ளிக்கு 500, மருந்து மாத்திரை 300, செல்போன் ரீசார்ஜ் 250. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மொத்தம் 7,000. மிச்சம் 2,750.

கடன் பக்கம்: ஒரு குழு லோன் மாதம் 2,100, இன்னொரு குழு லோன் 1,600, ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு வட்டி மட்டும் 1,000, தவணைக்கு எடுத்த செல்போன் 1,250. கூட்டினால் 5,950. இதுபோக ஒரு சங்கிலியும் இரண்டு வளையலும் வங்கியில் 60,000-க்கு அடகில் இருக்கின்றன. ஒரு வருடம் ஆகப் போகிறது, வட்டி கட்டவில்லை.

2,750-ஐ வைத்து 5,950 கட்ட முடியாது. எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் முடியாது. இந்த இடத்தில்தான் மூன்றாவது குழு லோனோ, செல்போனில் வரும் கடன் ஆப்போ ஆசை காட்டும். மாதம் 3,200 பள்ளம் விழுகிற வீட்டில் புதுக் கடன் பள்ளத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுமே தவிர மூடாது.

யாருக்கு முதலில்

நான் சொல்லும் வரிசை இது: முதலில் கட்டாவிட்டால் பொருள் போய்விடும் கடன். அடுத்து வட்டி அதிகமான கடன். அப்புறம் குழு லோன். கடைசியில் செல்போன், டி.வி. தவணையும் கைமாற்றும்.

நகையிலிருந்து தொடங்குவோம். வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பித்து வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். தவணை முடியும் முன்பே போக வேண்டும். அதுவும் முடியாது என்றால் ஏலத்துக்கு விடாமல் நீங்களே ஒரு பகுதியை விற்றுவிடுவது மேல். தங்கம் விலை ஏறியிருக்கிறது. போன வருடம் 60,000 கடன் கொடுத்த நகைக்கு இன்று அதைவிட நிறையவே மதிப்பு இருக்கும். வளையல் இரண்டை விற்றால் நகைக்கடனில் பெரும்பகுதியும், ஐந்து வட்டிக் கடன் முழுதும் அடைய வாய்ப்பு உண்டு, சங்கிலி மிஞ்சும். ஒரு பகுதியைக் கட்டி ஒரு நகையை மட்டும் மீட்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். மீட்கப் பணம் இல்லை என்றால் அண்ணன் தம்பியோ முதலாளியோ ஒருநாள் கைமாற்றாகத் தரலாம். 'அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்' என்று போர்டு வைத்த கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்கள் எடை, தரம் என்று சொல்லிக் கழிப்பது அதிகம். இரண்டு இடத்தில் விலை கேட்காமல் அங்கே போகாதீர்கள்.

மீறி ஏலம் போனாலும், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சத் தொகை உங்களுடையது. வங்கியும் நகைக்கடன் நிறுவனமும் அதைத் திருப்பித் தர வேண்டும். ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"தாலிக்கொடியை எப்படி விற்பது, பொண்ணுக்கு என்று வைத்திருந்தேனே" என்று பலர் தவிப்பார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் 60 சதவீத வட்டி ஓடும் வீட்டில், பெட்டியில் சும்மா இருக்கும் நகையை விற்பதில் எந்த அவமானமும் இல்லை என்பதுதான் என் கருத்து. பெண்ணுக்குச் சேர்த்ததைப் பெண்ணின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும்தானே செலவழிக்கிறீர்கள்.

ஐந்து வட்டியில் இருக்கும் பெரிய பொறி, வட்டி மட்டும் கட்டுவது. 20,000-க்கு மாதம் ஆயிரம் வீதம் இருபது மாதம் கட்டினாலும் 20,000 அப்படியே நிற்கும். அதனால் அசலில் ஐந்நூறு ஆயிரம் குறைத்தாலும் குறைத்ததுதான். கொடுக்கும்போது "இது அசலில்" என்று சொல்லி, அவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் எழுத வையுங்கள். முடிந்தால் ஜிபேயில் அனுப்புங்கள், பதிவு இருக்கும்.

இவை தீர்ந்தால் நம் கணக்கில் மாதம் 2,750-ஐ இரண்டு குழு லோனுக்கும் பிரிக்கலாம். முடியும் தறுவாயில் இருப்பதை முழுதாகக் கட்டி முடித்து, மற்றதில் முடிந்ததைக் கொடுத்துத் தவணையை நீட்டக் கேட்க வேண்டும். செல்போன் கம்பெனிக்காரர் கத்துவார். சிபில் ஸ்கோர் குறையும். குறையட்டும், இன்னும் இரண்டு வருடத்துக்கு நீங்கள் புதுக் கடன் வாங்கப் போவதில்லை.

சென்டர் மீட்டிங்கில் என்ன பேசுவது

குழு லோனில் வட்டியைவிட அழுத்தம்தான் கொடுமை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பதால், வசூலிக்க வருபவர் கத்தத் தேவையே இல்லை. கூட இருக்கும் அக்காக்களே கத்திவிடுவார்கள். அதனால் டியூ நாளுக்கு முன்பே குழுத் தலைவியின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். "அக்கா, அவர் போனதுக்கப்புறம் ஒரு சம்பளம்தான். முழு டியூ கட்ட முடியல. மாசம் எழுநூறு என்னால முடியும், ஒருநாளும் தவறாது. கம்பெனியில நான் எழுதிக் குடுக்கறேன், நீங்களும் கூட வாங்க." ஓடி ஒளிகிறவள் இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் அடங்கும்.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடன் அட்டை எண், என்ன நடந்தது, இப்போதைய வருமானம், கட்டக்கூடிய தொகை, எத்தனை மாதம் நீட்டிக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். சான்றிதழ் நகலை வைத்து, கிளை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்களால் முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆயிரம் என்று சொல்லி இரண்டாம் மாதம் தவறுவதைவிட எழுநூறு என்று சொல்லிக் கட்டுவது நல்லது.

ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஆண்டுக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரும் கடனெல்லாம் இதில் வரும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன் கேட்டுப் போன் செய்யக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல்; அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். அப்படி வரக்கூடாது என்று நினைத்தால், பணம் இல்லாவிட்டாலும் மீட்டிங்குக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள். கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களையோ கூட வேலை செய்பவர்களையோ தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய ஒட்டுவது எல்லாமே தடை. அபராதம் தவறிய தவணைத் தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அதற்கு அபராதம் கிடையாது. எந்தப் பொருளையும் ஈடாக வாங்கக் கூடாது என்பதால் "மிக்ஸியைத் தூக்கிட்டுப் போவோம்" என்பது வெற்று மிரட்டல்.

மீறினால் தேதி, நேரம், பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. புகார் எண் கடன் அட்டையிலேயே இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. 14448-க்குப் போன் செய்தால் எப்படி என்று சொல்வார்கள்.

கந்துவட்டியும் செல்போன் ஆப்பும்

தமிழ்நாட்டில் 2003-இலேயே அதிக வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தின வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் ஊரில் புழங்கும் பெயர்களே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அசலையும் நியாயமான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிக் கடனைத் தீர்த்துக்கொள்ளும் வழியும் அதில் இருக்கிறது. மிரட்டி வசூலிக்கும் கடன் நிறுவனங்களுக்கு எதிராக 2025-இல் தனியாக இன்னொரு சட்டமும் வந்தது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆனால் கந்துவட்டிக்காரர் அதே தெருவில், அதே சாதியில், சில சமயம் அதே கட்சியில் இருப்பவர். தனியாகப் போகாதீர்கள். மாதர் சங்கம், தொழிற்சங்கம், வழக்கறிஞர் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், போன் 15100.

ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தக் கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்குங்கள்.

ஆப் கடனில் முக்கியமானது, உங்கள் போன் நம்பர்களையும் படங்களையும் எடுக்க ஆப்புக்கு உரிமை கிடையாது. படத்தை மார்ஃபிங் செய்து எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டினால் அது கடன் பிரச்சினை இல்லை, சைபர் குற்றம். 1930-க்குப் போன் செய்யுங்கள். பயந்து பணம் அனுப்பினால் நிற்காது, இன்னொரு பெயரில் இன்னொரு ஆப் கேட்கும். சொந்தக்காரர்களுக்கு நீங்களே முதலில் "இப்படி ஏதாவது வந்தால் நம்பாதீர்கள்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டால் அவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதமும் போய்விடும்.

ராத்திரி தூக்கம் வராமல் மனம் தப்பான பக்கம் போனால் 14416-இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

விட்டுப்போன வரவுகள்

செலவைக் குறைப்பதைவிட வரவைத் தேடுவதில் அதிகம் கிடைக்கும். இ-சேவை மையத்தில் பல விண்ணப்பங்களைப் போட்டுவிடலாம், ஆனால் அதற்குப் பிறகு துரத்த வேண்டியிருக்கும்.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ஆனது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இருக்கிறது. 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் அல்லது சட்டப்படி பிரிந்ததற்கு ஆவணம் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் பார்ப்பார். வி.ஏ.ஓ. என்ன அறிக்கை எழுதுகிறார் என்பதில்தான் காரியம் இருக்கிறது, அதனால் முதலில் அவரைப் பாருங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாதது மிஷன் வாத்சல்யா உதவித்தொகை. விதவை, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 4,000. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 தாண்டக் கூடாது. மேலே சொன்ன திருப்பூர்க் கணக்குக்கு இது கிடைக்காது. வீட்டு வேலை, நூறு நாள் வேலை, பூக்கட்டுகிறவர்கள் பலருக்குக் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் காட்டுவார்கள். பெற்றோரில் ஒருவர் இறந்து, மற்றவர் கடும் நோயிலோ ஊனத்திலோ இருந்து பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு 2025-இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஒரு ஆபரேஷனில்தான் பல வீடுகள் ஐந்து வட்டிக்குப் போகின்றன. ரேஷன் கார்டில் உங்களைக் குடும்பத் தலைவியாக மாற்றுங்கள். ஆதரவற்ற விதவைகள் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா கார்டும் கேட்கலாம்.

கணவர் உயிரோடு இருந்து, காசு தராமல் இருந்தால் ஜீவனாம்சம் கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று சொன்ன பிரிவு, அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144. வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். "அவன் காசு எனக்கு எதுக்கு" என்பார்கள் பலர். உங்களுக்கு வேண்டாம் என்றால் சரி, பிள்ளைகளுக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

புதுக் கடன் எப்போது சரி

ஒரு சூழ்நிலையில் மட்டும் ஒப்புக்கொள்வேன்: ஐந்து, பத்து வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனால் அடைப்பது. கூட்டுறவு வங்கி நகைக்கடன், மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடன் இரண்டும் அதற்கு ஏற்றவை. சுயஉதவிக் குழு வேறு, குழு லோன் கம்பெனி வேறு. முதலாவது உங்கள் சேமிப்பில் ஓடுவது. குழுவில் இல்லை என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேட்டுச் சேருங்கள். தள்ளுவண்டி, நடைபாதைக் கடை வைத்திருப்பவர்களுக்குப் பிரதமரின் ஸ்வநிதிக் கடனில் வட்டியில் 7 சதவீதம் மானியம் உண்டு. வாங்கிய பணம் அன்றே பழைய கடனுக்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி வீட்டில் இருந்தால்கூடக் கரையும்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். திவால் மனுவுக்குச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு லட்சக் கடனுக்கு வக்கீல் செலவும் அலைச்சலும் தாங்காது. சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது இந்த அளவு கடனுக்குச் சரியாக இருக்கும்.

ஒரு கடன் முடிந்ததும் கடைசித் தவணை ரசீதோடு கிளம்பி வந்துவிடாதீர்கள். கடன் முடிந்ததற்கான கடிதத்தை நிறுவனத்தின் சீலோடு கேளுங்கள். தனியாரிடம் என்றால் புரோ நோட்டையும் வெற்று செக்கையும் கையில் வாங்கி, அங்கேயே கிழித்துவிடுங்கள். "தேடி எடுத்து அப்புறம் தர்றேன்" என்றால், இந்தத் தேதியில் முழுத் தொகையும் வந்துவிட்டது என்று அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த செக் எண்ணுக்குப் பணம் தரக் கூடாது என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலை வைத்துத் திருத்தக் கேட்கலாம்.